பாளயத்துக்கு வெளியே ஏழு நாள்

என் அப்பா லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். காஞ்சிபுரத்தைச் சுற்றியுள்ள மின்கம்பங்களில் முப்பது வருடம் ஏறி இறங்கியும் உடம்பில் ஒரு தழும்புகூட வாங்காதவர். அதற்கு இரண்டு காரணம் சொல்வார். ஒன்று, ஆண்டவர். இன்னொன்று, மெயினை ஆஃப் செய்யாமல் எதையும் தொடுவதில்லை என்ற வைராக்கியம். இந்த இரண்டும் வேறு வேறு என்று அவர் ஒருநாளும் நினைத்ததில்லை.

ஓய்வு பெற்ற மறுவாரமே வேதத்தை முதல் பக்கத்திலிருந்து படிப்பது என்று முடிவு செய்தார். அதுவரை எங்கள் வீட்டில் வேதம் என்றால் ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குக் கையில் பிடித்துக்கொண்டு போவது, பரீட்சைக்கு முன்னால் கண்ணை மூடிக்கொண்டு எங்கேயாவது திறந்து பார்ப்பது. அப்பா அப்படியில்லை. காலையில் டீ குடித்து முடித்ததும் மூக்குக்கண்ணாடி, நாளுக்கு ஓர் அதிகாரம், தெருமுனை வரை கேட்கும் குரல். அதையும் வேலையில் சேர்ந்த புதிதில் பாதுகாப்பு விதிப் புத்தகத்தை எப்படிப் படித்தாரோ அப்படித்தான் படித்தார்.

பழத்தைத் தின்று தோட்டத்திலிருந்து துரத்தப்பட்ட முதல் ஜோடியைப் பற்றி அவருடைய தீர்ப்பு: "அபாயம்னு போர்டு மாட்டியிருக்குது. மண்டை ஓடுதான் போடல, மத்ததெல்லாம் சொல்லியாச்சு. அப்பவும் போய் தொட்டா அவரு இன்னாதாம்மா பண்ணுவாரு?" எரிகிற ஊரைத் திரும்பிப் பார்த்து உப்புத்தூணாகிப் போன அம்மாவைப் பற்றி: "கம்பத்துல ஏறுறவன் கீழ பாக்கக் கூடாதுன்னா பாக்கக் கூடாது. பாத்தா அவ்ளோதான்." ஆண்டவர் கேட்காத நெருப்பைத் தூபக்கலசத்தில் கொண்டுபோய் நின்ற இடத்திலேயே கருகிப்போன இரண்டு ஆசாரியப் பிள்ளைகளுக்காகக் கொஞ்சம்கூட இரங்கவில்லை. "கொக்கி போட்டிருக்கானுங்க," என்றார். "கனெக்‌ஷன் வாங்காம கொக்கி போட்டா இதான்."

அவருக்குக் கடவுள் ஹை டென்ஷன் லைன். லைனுக்கு யார்மேலும் கோபம் கிடையாது, தொட்டால் அடிக்கும். ஆயர் ஒருமுறை வீட்டுக்கு வந்தபோது, "ஐயா, வேதத்தோட அந்தப் பழைய பாதியில இருக்கற சட்டமெல்லாம் இப்ப நமக்கு இல்ல," என்று பக்குவமாகச் சொல்லிப் பார்த்தார். "சர்க்குலர் இருக்குது, படிச்சிட்டேன். கேன்சல் பண்ண ஆர்டர் எங்க, காட்டுங்க," என்றார் அப்பா. ஆயர் காபியைக் குடித்துவிட்டுக் கிளம்பிவிட்டார்.

இதெல்லாம் எனக்கு வேடிக்கையாகத்தான் இருந்தது, என் தலையில் வந்து விடியும் வரை.

நான் அப்போது பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு மருந்துக்கடையில் வேலை பார்த்தேன். தன் அப்பாவின் முட்டிவலிக்குத் தைலம் வாங்க ஒருவன் வருவான். முதலில் மாதம் ஒருமுறை வந்தான். பிறகு வாரம் ஒருமுறை. பிறகு நாள் தவறாமல் வந்தபோது, இவ்வளவு தைலத்தை ஒரு முட்டியில் தேய்த்தால் முட்டியே கரைந்துபோகும் என்று சொல்லிவிட்டேன். அப்படித்தான் பேச்சு ஆரம்பித்தது. கம்ப்யூட்டரில் பட்டுச்சேலைக்கு டிசைன் போடுகிறவன். அவன் அப்பா தறி நெய்கிறவர். கோயிலுக்குப் போய் நெற்றி நிறைய விபூதி பூசாமல் தறிக்குழியில் கால் வைக்காத மனிதர். எங்கள் விஷயம் தெரிந்ததும் ஒரு மாதம் மகனோடு பேசவில்லை. பிறகு, "சேலைய நான்தான் நெய்வேன், வேற எங்கயும் எடுக்கக் கூடாது," என்றார். அதுதான் சம்மதம் என்று அவனுடைய அம்மா விளக்கிச் சொன்னாராம்.

மிச்சம் இருந்தது என் அப்பா. அவர் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. "வரட்டும், பேசலாம்," என்றார். அவர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் வருவதாக ஏற்பாடு.

அந்த வாரத்து வெள்ளிக்கிழமை அப்பா படித்த அதிகாரத்தில் ஒரு சட்டம் வந்தது. ஒரே வயலில் இரண்டு வகை விதை விதைக்கக் கூடாது, இரண்டு வகை நூல் கலந்த துணியை உடுத்தக் கூடாது. சனிக்கிழமை முழுவதும் அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எங்கள் வீட்டுத் துணிகளின் காலரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வீட்டில் அவருடைய இரண்டு வேட்டியையும் கரித்துணியையும் தவிர எல்லாமே கலப்பு. அம்மா சமையலறையிலிருந்து கேட்டார்: "முப்பது வருஷம் காக்கி பேண்ட்டு போட்டீங்களே, டெரிகாட்டன்தான அது? அப்ப அடிக்காத கரண்ட்டு இப்பதான் அடிக்கப்போவுதா?" அப்பாவின் முகம் அப்படியே வெளுத்துவிட்டது. அதில் சொல்லியிருப்பது சணலும் கம்பளியும்தான், இந்த ஊர் வெயிலில் கம்பளி போட யாருக்குப் பைத்தியம் என்று நானும் வாதாடினேன். "அது உதாரணத்துக்குச் சொன்னது," என்றார்.

மறுநாள் அவன் அப்பாவும் அவனும் வந்தார்கள். பெரியவர் பையிலிருந்து ஒரு சாண் பட்டுத் துண்டை எடுத்து, எனக்கு நெய்யப்போகும் சேலைக்கு இதுதான் நிறம் என்று விரித்துக் காட்டினார். அரக்கு நிறம், கரையில் சரிகை. நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். அப்பா அந்தத் துண்டைக் கையில் எடுத்தார், வெளிச்சத்தில் பிடித்தார், மரியாதையாகத்தான் கேட்டார்:

"இதுல கலப்பு எதுனா இருக்குதுங்களா?"

காஞ்சிபுரத்தில் ஒரு நெசவாளியிடம் எதை வேண்டுமானாலும் கேட்கலாம், இதைக் கேட்கக் கூடாது. நம் பிறப்பைக் கேட்டால் நமக்கு எப்படி இருக்கும், அப்படி. அப்பா கேட்டது ஆண்டவரின் சட்டத்தை மனதில் வைத்து. பெரியவர் காதில் விழுந்தது, நீ போலிப் பட்டு விற்கிறவனா என்று.

"கலப்பா?" என்றார் பெரியவர். "என் தறியிலயா?"

"இல்லீங்க, ரெண்டு நூலு எதுனா..."

"பாவு நூலும் பட்டு, ஊடை நூலும் பட்டு! நெருப்புப் பொட்டி இருக்குதா வீட்டுல?"

அம்மா கொண்டுவந்து கொடுத்தார். பெரியவர் துண்டிலிருந்து ஓர் இழையை உருவி, நடுவீட்டில் கொளுத்தினார். முடி பொசுங்கும் நாற்றம் வீடு முழுக்கப் பரவியது. சாம்பலை விரலில் நசுக்கி அப்பாவின் மூக்குக்கு நேராக நீட்டினார். "மோந்து பாருங்க சார். அசல் பட்டுதான் இப்படி நாறும்."

அப்பா மோந்து பார்த்தார். அதோடு விட்டிருக்கலாம். "சரிங்க, சரிகை?" என்றார்.

"சரிகைன்னா பட்டு நூலு மேல வெள்ளி சுத்தி, அதுமேல தங்க முலாம்."

அப்பா விரல் விட்டு எண்ணினார். "அப்ப மூணு கலப்பு ஆவுதே."

பெரியவர் எழுந்துவிட்டார். டீ ஆறிக்கொண்டிருந்தது, தொடவில்லை. மகன் இவ்வளவு நேரமும் வாயில் கொழுக்கட்டையோடு உட்கார்ந்திருந்தான், அப்படியே பின்னால் போனான். எனக்கு வந்த ஆத்திரத்தில் முதலில் யாரைத் திட்டுவது என்று தெரியவில்லை.

வாசல் கதவைச் சாத்திவிட்டு வந்து கேட்டேன். "அப்பா, நீ துணியப் பத்தியா கேட்ட?"

"துணியப் பத்திதான் கேட்டேன்."

"இல்ல. என்னப் பத்தி கேட்ட. கலப்புக் கல்யாணம் வேணாம்னு சொல்ல உனக்கு வாய் வரல, அதான் அத சேல மேல போட்ட."

"அந்த ஞானமுள்ள ராஜா இருந்தாரே," என்றார் அப்பா. "வேற வேற தேசத்துல, வேற வேற சாமி கும்புடுற வீட்டுல எல்லாம் பொண்ணு எடுத்தாரு. கடைசியில இன்னா ஆச்சு? ராஜ்யம் ரெண்டா போச்சு."

"அவருக்கு எழுநூறு பொண்டாட்டிப்பா. நான் ஒருத்தனத்தான் கேக்கறேன்."

அதற்குப் பிறகு மூன்று வாரம் வீட்டில் யாரும் அதைப் பேசவில்லை. அந்த வீட்டு நிலவரம் போனில் வந்தது. பெரியவர் ஒவ்வொரு முறை தறி நாடாவைத் தள்ளும்போதும் "கலப்பாம் கலப்பு" என்று சொல்லிக்கொண்டே நெய்கிறாராம். அந்தச் சேலையை யார் கட்டினார்களோ, பாவம்.

அப்பா படிப்பதை மட்டும் நிறுத்தவில்லை. கோத்திரங்களின் கணக்கு, கூடாரத்து ஆணிகள் எல்லாவற்றையும் தாண்டி ஒருநாள் காலை அந்த இடத்துக்கு வந்து சேர்ந்தார். நான் வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் இட்லியை விழுங்கிக்கொண்டிருந்தேன். எகிப்திலிருந்து ஜனங்களைக் கூட்டிக்கொண்டு வந்த தலைவர், அயல்தேசத்துப் பெண்ணைக் கல்யாணம் செய்திருக்கிறார். அவருடைய அக்காவும் அண்ணனும் அதைச் சொல்லி முணுமுணுக்கிறார்கள். ஆண்டவருக்குக் கோபம் வருகிறது. அந்தப் பெண்ணைக் கட்டியவர்மேல் இல்லை, முணுமுணுத்தவர்கள்மேல். மேகம் விலகிப் பார்த்தால் அக்காவின் தோல் உறைபனி மாதிரி வெளுத்துக் கிடக்கிறது. ஜனங்கள் கூடாரம் அடித்திருந்த பாளயத்துக்கு வெளியே ஏழு நாள் இருக்கச் சொல்கிறார்கள்.

அண்ணனும்தான் பேசினார், அவருக்கு ஒரு வேர்க்குருகூட வரவில்லை. இது என்ன நியாயம் என்று எனக்கு இன்றைக்கும் கோபம் உண்டு. ஆனால் அன்று காலை என் மனதில் நியாயம் எல்லாம் இல்லை, குதூகலம்தான் இருந்தது. "இன்னொரு வாட்டி படிப்பா," என்றேன்.

அப்பா புத்தகத்தை மூடிவிட்டு முகச்சவரம் செய்யப் போனார். இரண்டு நிமிடத்தில் கண்ணாடி முன்னாலிருந்து ஒரு சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தோம். காதுக்குக் கீழே, கழுத்தில், எட்டணா அளவுக்கு ஒரு வெள்ளைத் திட்டு. பக்கத்தில் சின்னதாக இன்னும் மூன்று. தோளில் ஒன்று.

ஐந்தடி தள்ளி நின்றே எனக்குத் தெரிந்துவிட்டது. தேமல். சந்தேகமே இல்லாத, வேர்வையில் வருகிற, வெயில் காலத்தில் எங்கள் கடைக்கு நாள் தவறாமல் யாராவது கழுத்தைக் காட்டிக்கொண்டு வருகிற சாதாரணத் தேமல். ஒரு டியூப் களிம்பு போதும்.

"இது இன்னாமா?" என்றார் அப்பா. அவர் குரல் அப்படி நடுங்கி நான் கேட்டதில்லை.

"தெரியலப்பா," என்றேன்.

அப்பா ஒரு பாய், தலையணை, தட்டு, டம்ளர், வேதம், போன், இவற்றை எடுத்துக்கொண்டு மொட்டைமாடிக்கு ஏறிவிட்டார். மாடியில் சிமென்ட் ஷீட் போட்ட ஒரு சின்னக் கொட்டகை, பழைய சைக்கிளும் உடைந்த நாற்காலியும் போட்டுவைக்கிற இடம். "ஏழு நாளு. யாரும் கிட்ட வரக் கூடாது. சாப்பாட்ட படியில வெச்சிட்டுப் போங்க," என்று மேலேயிருந்து அறிவித்தார்.

"பாளயமே ரெண்டு ரூமு," என்றார் அம்மா. "அதுக்கு வெளிய வேற ஒரு இடம்." ஆனால் அன்று சாயந்திரம் யாரும் சேனலை மாற்றாமல் முழு சீரியலையும் பார்த்துவிட்டு, வீடு நிம்மதியாக இருக்கிறது என்றும் சொன்னார்.

நான் அன்றே கடையிலிருந்து களிம்பை எடுத்து ஹேண்ட்பேக்கில் வைத்துக்கொண்டேன். கொடுக்கவில்லை. இன்றைக்குக் கொடுக்கலாம், நாளைக்குக் கொடுக்கலாம் என்று பையில் அது தினமும் கடைக்கும் வீட்டுக்கும் போய்வந்தது. உண்மையைச் சொன்னால், எனக்குக் கொடுக்க மனமில்லை. வாழ்க்கையில் முதல்முறையாகச் சட்டம் என் பக்கம் இருந்தது. அதை எழுபது ரூபாய்க் களிம்பைப் போட்டு அழிப்பானேன்?

ஆனால் பெற்றவரைக் கனம்பண்ணு என்பதும் பொய் சொல்லாதே என்பதும் அதே பழைய பாதியில்தான் இருக்கின்றன. ஒரே ஒரு "தெரியலப்பா"வில் நான் இரண்டையும் மீறியிருந்தேன். மீறினால் என்ன ஆகும் என்று தெரிந்துகொள்ள, அப்பா இன்னும் போய்ச் சேராத பக்கங்களை போனில் திருட்டுத்தனமாகப் படித்தேன். படித்திருக்கக் கூடாது. கீழ்ப்படியாதவர்களுக்கு என்றே ஒரு பட்டியல் இருக்கிறது, போய்க்கொண்டே இருக்கிறது. சொறி, சிரங்கு, பைத்தியம், மூல வியாதிகூட உண்டு. மாவு பிசைகிற தொட்டியும் சபிக்கப்படும் என்ற இடத்துக்கு வந்தபோது, சமையலறையில் கிரைண்டர் ஒரு முனகு முனகிவிட்டு நின்றது.

"உங்கப்பா கீழ இருந்திருந்தா ரெண்டு நிமிசத்துல சரி பண்ணியிருப்பாரு," என்றார் அம்மா, கையெல்லாம் மாவோடு. நான் கண்ணாடியில் என் கழுத்தைப் பார்த்துக்கொண்டேன்.

மேலே நிலைமை மோசமாகிக்கொண்டிருந்தது. அந்த ஷீட்டுக்குக் கீழே கொதிக்கிற வெயிலில் வேர்க்க வேர்க்க, தேமல் மார்பு முழுக்கப் படர்ந்துவிட்டது. அப்பா இதையும் கணக்கில் எடுத்துக்கொண்டார். தன் மனதில் இன்னும் முணுமுணுப்பு மிச்சம் இருக்கிறது என்று அர்த்தமாம்.

ஐந்தாம் நாள் சாயந்திரம் கடையிலிருந்து வந்து நுழைந்ததுமே மாடியிலிருந்து எனக்குப் போன் வந்தது. "மேல வாமா. தள்ளியே நில்லு."

போனேன். அப்பா வேட்டியோடு, வெற்றுடம்பாக, பாதியாக இளைத்து உட்கார்ந்திருந்தார். "அந்தக் கதையில அக்காவுக்கு எப்படி சரியாச்சு தெரியுமா?" என்றார். "யாரப் பத்தி முணுமுணுத்தாளோ அவரே அவளுக்காக வேண்டிக்கிட்டாரு. அப்பதான் ஆண்டவர் கேட்டாரு. எனக்கு நீதாம்மா ஜெபம் பண்ணணும். வேற யாரு பண்ணாலும் செல்லாது."

எனக்கு அந்த இடத்திலேயே செத்துவிடலாம் போலிருந்தது. தோளில் பை, பையில் களிம்பு. அப்பா கண்ணை மூடிக் கைகூப்பிவிட்டார். நானும் முழங்கால் போட்டேன். "அன்புள்ள ஆண்டவரே," என்று ஆரம்பித்தேன். அதற்கு மேல் வரவில்லை. மறுபடியும், "அன்புள்ள ஆண்டவரே." மூன்றாவது தடவை, என்னையும் மீறி வந்துவிட்டது.

"ஆண்டவரே, இது தேமல். மொத நாளே எனக்குத் தெரியும். களிம்பு பையிலதான் இருக்குது. ஆமென்."

அப்பா ஒரு கண்ணைத் திறந்தார். பிறகு இன்னொன்றை.

"மொத நாளே தெரியுமா?"

"தெரியும்பா."

"அஞ்சு நாளா இங்க வெந்துக்கினு இருக்கறேன்."

"ஆமாம்பா."

"எறங்கிப் போ," என்றார்.

களிம்பை அங்கேயே வைத்துவிட்டு இறங்கினேன். அழுதுகொண்டே அவனுக்குப் போன் செய்து, எல்லாம் போச்சு, என் வாயாலேயே கெடுத்துக்கொண்டேன் என்றேன். அவன் ரொம்ப நேரம் யோசித்து, "தேமலுக்கு எந்தக் களிம்பு?" என்று கேட்டான். அவன் அப்பாவுக்கும் வந்திருக்கிறதாம். இந்த ஆளைக் கட்டிக்கொள்ளத்தான் இவ்வளவும்.

அடுத்த இரண்டு நாளும் அப்பா இறங்கவில்லை. சாப்பாட்டுத் தட்டு மட்டும் காலியாகிப் படிக்கு வந்தது. ஏழாம் நாள் சாயந்திரம் குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு, கழுத்தெல்லாம் களிம்பு பளபளக்கக் கீழே வந்தார். "கெளம்பு. அவங்க வீட்டுக்குப் போலாம்," என்றார்.

"அப்பா, அது வெறும் தேமல்தான்."

"தேமல்தான். ஆனா நான் முணுமுணுத்தது முணுமுணுத்ததுதான? ஃபால்ட்ட பாக்காம ஃபியூஸ மட்டும் மாத்தினா மறுபடியும் போவும்மா."

நெசவாளர் வீட்டு வாசலில் நின்றபோது உள்ளே தறிச்சத்தம் நின்றது. பெரியவர் வெளியே வந்தார். அப்பா கைகூப்பினார். "தப்பா கேட்டுட்டேங்க. உங்க பட்டுல ஒரு கொறையும் இல்ல. என் மனசுலதான் இருந்தது."

பெரியவர் அப்பாவின் கழுத்தை உற்றுப் பார்த்தார். தன் சட்டையின் மேல் பட்டனைக் கழற்றித் தன்னுடைய தேமலைக் காட்டினார். "உங்களுக்கு எத்தினி நாளா இருக்குது?" என்றார். அதற்குப் பிறகு அரைமணி நேரம் இரண்டு பேரும் வெயிலையும் வேர்வையையும் பற்றியே பேசினார்கள். கல்யாணத்தைப் பற்றி, "தை மாசம் தோது," என்று பெரியவர் ஒரு வார்த்தை சொன்னார், அப்பா தலையாட்டினார். டீ வந்தது. இரண்டு பேரும் குடித்தார்கள்.

திரும்பி நடந்து வந்தோம். அப்பா சந்தோஷமாக இருப்பதாகத்தான் நினைத்தேன். பாதி வழியில் நின்றுவிட்டார். என்னைப் பார்க்காமல் கேட்டார்.

"சட்டம் கிட்டமெல்லாம் இல்லமா. ஒண்ணே ஒண்ணுதான். அவங்க சாமி வேற, நம்ம சாமி வேற. செத்துப்போன பின்னாடி நான் ஒரு எடத்துக்குப் போயி, நீ வேற எடத்துக்குப் போயிட்டா, உன்ன நான் எங்கன்னு வந்து தேடுவேன்?"

இவ்வளவு நாளும் சணலும் கம்பளியும் ராஜாவும் ராஜ்யமும் என்று அவர் சுற்றிச் சுற்றி வந்தது இதைச் சொல்லத்தான்.

"நீ தேட வேணாம்பா," என்றேன். "நீ இருக்கற எடத்துலயே இரு. நான் வழி கேட்டுக்கினு வந்துடுவேன்."

அப்பா யோசித்தார். "வர லேட்டாவுமா?"

"லேட்டாதான்பா ஆவும்."

"ஆவட்டும்," என்றார் அப்பா. "ஆவட்டும். நீ மெதுவாவே வா."